சாம்பல் நிறச் சீருடை: அமெரிக்கத் தரைப்படையின் 'எல்லா இடத்துக்கும் ஒன்று' உருமறைப்பு ஏன் நிலைக்கவில்லை?

கோட்டைவாசல் (இழையைத் தொடங்கியவர்)

அமெரிக்கத் தரைப்படை தனது பிறந்த நாளாகக் கொண்டாடும் ஜூன் 14 அன்று, 2004இல், பென்டகனில் ஒரு புதிய போர்க்களச் சீருடையை அறிமுகம் செய்தது. ஏ.சி.யூ. என்று அழைக்கப்பட்ட அந்தச் சீருடையின் மேல் அச்சிடப்பட்டிருந்த, சிறு சதுரக் கட்டங்களால் ஆன உருமறைப்பு வடிவத்துக்கு யூனிவர்சல் கேமஃப்ளாஜ் பேட்டர்ன், சுருக்கமாக யூ.சி.பி., என்று பெயர். காடு, பாலைவனம், நகரம் என்ற மூன்று நிலப்பரப்புகளுக்கும் ஒரே துணி போதும் என்பதுதான் அதன் அடிப்படை. 1981 முதல் புழக்கத்தில் இருந்த காட்டு வடிவத்தையும், வளைகுடாப் போருக்குப் பின் வந்த மூன்று நிறப் பாலைவன வடிவத்தையும் ஒருசேர ஓய்வு பெறச் செய்வதற்காகவே அது வந்தது. 2005இல் படைப்பிரிவுகளுக்கு வழங்கத் தொடங்கினார்கள். ஐந்தே ஆண்டுகளில், 2010இல், ஆப்கானிஸ்தானுக்குப் புறப்பட்ட வீரர்களுக்கு மல்டிகேம் என்ற வேறு வடிவத்தைக் கொடுக்க வேண்டியதாயிற்று. 2014இல் ஓ.சி.பி. என்ற மாற்று வடிவம் அறிவிக்கப்பட்டது. 2019 அக்டோபர் 1 முதல் யூ.சி.பி.யை அணிவதே முடிவுக்கு வந்தது.

இவ்வளவு பெரிய படை, இவ்வளவு ஆய்வுக்கூட வசதிகளை வைத்துக்கொண்டு, இப்படி ஒரு முடிவுக்கு எப்படி வந்தது என்பதைப் பற்றிப் பேசலாம் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன். இணையத்தில் பெரும்பாலும் 'கட்டம் கட்டமாக இருந்ததால் தோற்றது' என்ற ஒற்றை வரியில் இதை முடித்துவிடுகிறார்கள். அந்த விளக்கம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. கட்ட வடிவத்தை முதலில் படை முழுமைக்கும் ஏற்றுக்கொண்ட கனடாவின் கேட்பேட்டும், அதன் வழியில் 2002 வாக்கில் அமெரிக்க மரீன் படை ஏற்றுக்கொண்ட மார்பேட்டும் நன்றாகவே நிலைத்தன. இன்றும் மரீன்கள் அதைத்தான் அணிகிறார்கள். அதற்கு முன்பே, 1970களில், வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் பணியாற்றிய திமோத்தி ஓ'நீல் சதுரங்களால் ஆன 'டூயல்-டெக்ஸ்' வடிவத்தை வாகனங்களின் மேல் பூசிப் பார்த்து, அது வேலை செய்கிறது என்று காட்டியிருந்தார். ஆகவே கட்டத்தின் மீது பழி போடுவது பொருந்தாது.

என் கணிப்பில் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. 2002 முதல் 2004 வரை மாசசூசெட்ஸில் உள்ள தரைப்படையின் நேட்டிக் ஆய்வுக்கூடம் பல வடிவங்களைப் பல நிலப்பரப்புகளில் வைத்துச் சோதித்தது. ஆல் ஓவர் பிரஷ், டிராக், ஷேடோ லைன் என்று வடிவங்களுக்குப் பெயர். ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு நிறத் தொகுப்புகள். அவற்றுள் பாலைவன நிறங்களில் அமைந்த பிரஷ் வடிவமே ஒட்டுமொத்தமாக முன்னிலை பெற்றது. ஆனால் மேடையேறியது அந்த வடிவமன்று. மரீன்களின் அச்சை ஒத்த ஒரு கட்ட வடிவத்தில், மணல், சாம்பல், சாம்பல் கலந்த பச்சை ஆகிய மூன்று நிறங்களை இட்டு உருவாக்கிய, அந்தக் களச் சோதனைகளில் இடம்பெறாத ஒரு வடிவம். சோதனையில் வென்ற ஒன்றை விட்டுவிட்டுச் சோதனைக்கே வராத ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதே இந்த வரலாற்றின் மையம் என்று நான் நினைக்கிறேன். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

எதிர்வழக்கு

மறுக்கவே வந்திருக்கிறேன். முடிவு தவறாகிப்போனதால் நோக்கமும் தவறு என்று ஆகிவிடாது. 2003இல் ஈராக்குக்குள் நுழைந்த அமெரிக்க வீரர்களின் புகைப்படங்களைப் பாருங்கள். உடலில் மணல் நிறப் பாலைவனச் சீருடை இருக்கும். அதற்கு மேல் அணிந்த குண்டு துளைக்காத கவச உடையோ அடர்பச்சைக் காட்டு வடிவத்தில் இருக்கும். மனித உடலில் மறைக்கப்பட வேண்டிய பெரிய பரப்பு மார்பும் முதுகும். அந்த இடத்தில் பாலைவனத்தின் நடுவே ஒரு பச்சைச் சதுரத்தைக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். காரணம் எளிது. சட்டையும் கால்சட்டையும் மலிவு. கவச உடை, தோள்பை, வெடிமருந்து உறைகள் ஆகியவை விலை கூடியவை. அவற்றை இரண்டு நிறங்களில் இரண்டு தொகுப்பாக வாங்கி, சரியான வீரனுக்குச் சரியான நேரத்தில் கொண்டு சேர்ப்பது கிடங்குப் பொறுப்பாளர்களின் கையை மீறிய வேலை.

'எல்லாவற்றுக்கும் ஒன்று' என்ற எண்ணம் இந்தக் குழப்பத்திலிருந்து பிறந்தது. ஓரளவு பொருந்தும் ஒரு வடிவத்தை உடலெங்கும் அணிவது, மிகச் சரியான சட்டைக்கு மேல் முற்றிலும் தவறான கவசத்தை அணிவதைவிட மேலானது என்பது நியாயமான வாதம்தானே? கோட்டைவாசல் அவர்கள் இதைத் தமது பதிவில் குறிப்பிடவே இல்லை. மேலும், இன்று அமெரிக்கத் தரைப்படை அணியும் ஓ.சி.பி.யும் எல்லா இடத்துக்குமான ஒரே வடிவம்தான். ஆக, நோக்கம் இன்றும் உயிருடன் இருக்கிறது. தோற்றது நிறத்தேர்வு மட்டுமே.

சாயப்பட்டறை

பெருந்துறைப் பக்கம் துணி அச்சிடும் ஆலைகளில் பல காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் துணியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். போரைப் பற்றி எனக்குத் தெரியாது.

உருமறைப்பு அச்சில் இரண்டு அடுக்குகள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். பெரிய திட்டுகள் தொலைவிலிருந்து பார்ப்பவனுக்கு உடலின் புறக்கோட்டை உடைக்கின்றன. தோள் எங்கே முடிகிறது, கை எங்கே தொடங்குகிறது என்பதைக் கலைத்துவிடுகின்றன. சிறிய கட்டங்கள் அருகில் வருபவனுக்கு அந்தத் திட்டுகளின் ஓரங்களை மங்கலாக்கி, பின்னால் இருக்கும் இலை, சரளை, நிழல் ஆகியவற்றோடு கலந்துவிடச் செய்கின்றன. மார்பேட்டில் இரண்டும் உண்டு. காட்டுப் பதிப்பில் கறுப்பும் பழுப்பும் பச்சையும் தெளிவான வேறுபாட்டோடு பெரிய திட்டுகளாக நிற்கின்றன.

யூ.சி.பி. துணியைப் பாருங்கள். மூன்று நிறங்களுக்கும் பெயர் வேறு வேறு என்றாலும் வெளிச்ச அளவு ஏறக்குறைய ஒன்றுதான். அதை ஒரு கறுப்பு வெள்ளைப் படமாக மாற்றிப் பார்த்தால் மூன்றும் அக்கம்பக்கத்துச் சாம்பலாகவே விழும். நாங்கள் ஆலையில் 'டோன் பிரியவில்லை' என்று சொல்லி மறுபடி சாயம் கலக்கச் சொல்வோமே, அந்த நிலைமைதான். கைக்கெட்டும் தூரத்தில் கட்டங்கள் தெரியும். கொஞ்சம் தள்ளிப் போனால் கண்ணுக்குள்ளேயே மூன்றும் ஒன்றாகக் குழைந்து, வெளிறிய ஒற்றை நிறத் துணியாகிவிடும். பின்னால் பச்சை மரமோ செம்மண்ணோ இருந்தால் அதைவிட வெளிச்சமாக, ஆள் வடிவம் சிதையாமல் துலக்கமாகத் தெரியும். கட்டங்களை அச்சிட்ட உழைப்பு முழுவதும் அந்தத் தொலைவில் வீண்.

கறுப்பை நீக்கியதுதான் இதைக் கெடுத்தது. இயற்கையில் கறுப்பு பரவலாகக் காணப்படும் நிறமன்று, அது கண்ணை உடனே இழுக்கிறது என்று தரைப்படைத் தரப்பில் அப்போது விளக்கம் சொன்னார்கள். இயற்கையில் கறுப்புப் பொருள் குறைவாக இருக்கலாம். கறுப்பாகத் தெரியும் நிழல் எங்கும் இருக்கிறது. துணியில் உள்ள அடர்நிறம் அந்த நிழலுக்குத்தான் ஈடு.

இன்னொரு செய்தி. இந்தத் துணி பாதி நைலான், பாதிப் பருத்தி. இரண்டு இழையும் ஒரே சாயத்தை ஒரே மாதிரி வாங்காது. அதோடு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் குறிப்பிட்ட அளவில் திருப்பி அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் இரவுநோக்குக் கருவியில் வீரன் பளிச்சென்று தெரிவான். கஞ்சி போடக் கூடாது, வெண்மை ஏற்றும் சலவைத்தூளைப் பயன்படுத்தக் கூடாது என்ற கட்டுப்பாடுகள் எல்லாம் அதற்காகத்தான். ஆகவே நிறத்தேர்வு என்பது கண்ணுக்கு அழகான மூன்று வில்லைகளைப் பொறுக்கி எடுப்பது போன்ற சுலபமான வேலையன்று. எதிர்வழக்கு அவர்கள் 'நிறத்தேர்வு மட்டுமே' என்று எழுதியிருப்பதில் அந்த 'மட்டுமே'யை நான் ஏற்கமாட்டேன். உருமறைப்பில் நிறமும் அளவும்தான் எல்லாம். மிச்சம் வெறும் சட்டை.

ஓய்வுபெற்ற_ஹவில்தார்

நான் காலாட்படையில் இருந்தவன். வெளிநாட்டுப் படைகளோடு நடந்த ஒரு கூட்டுப் பயிற்சியில் அந்தச் சாம்பல் சட்டையை அருகிலேயே பார்த்திருக்கிறேன். எனக்கு நிறத்தைவிட அதிலிருந்த வெல்க்ரோதான் விசித்திரமாகப் பட்டது. பெயர்ப்பட்டை, பதவிச் சின்னம், படைப்பிரிவுச் சின்னம், பைகளின் மூடி என்று தொட்ட இடமெல்லாம் ஒட்டுப்பட்டை. இரவுப் பதுங்கலின்போது ஒருவர் கால்சட்டைப் பையைத் திறந்தால் 'சர்ர்ர்' என்று கிழிபடும் ஓசை வரிசை முழுக்கக் கேட்கும். மறைந்திருப்பதற்கான உடையில் இப்படி ஒரு சத்தத்தை எந்தப் புண்ணியவான் வைத்தார் என்று நாங்கள் வியந்தோம். மண் ஏறினால் அது ஒட்டவும் ஒட்டாது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மார்புப் பைகளைச் சாய்வாகத் தைத்திருந்தது நல்ல யோசனை. கவச உடை அணிந்தபோதும் கை நுழையும். பாலிஷ் போடத் தேவையில்லாத காலணியும் அப்படித்தான். எங்கள் காலத்தில் பூட்ஸ் பளபளப்புக்குச் செலவழித்த நேரத்தை நினைத்தால் பொறாமையாக இருந்தது.

கோட்டைவாசல்

ஹவில்தார் ஐயா சொன்னது முக்கியமான வேறுபாடு. ஏ.சி.யூ. என்பது தையல், யூ.சி.பி. என்பது அச்சு. மக்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். தையலின் பெரும்பகுதி நிலைத்துவிட்டது. வெல்க்ரோவைப் பற்றிய புகார்கள் குவிந்ததால், 2010 வாக்கில் கால்சட்டைப் பக்கவாட்டுப் பைகளில் பொத்தானுக்குத் திரும்பினார்கள். அச்சைத்தான் காப்பாற்ற முடியவில்லை.

எதிர்வழக்கு அவர்களுக்கு: பச்சைக் கவசமும் மணல் சட்டையும் என்ற சிக்கல் உண்மையானது; நான் அதைக் குறிப்பிட்டிருக்க வேண்டும் என்பதும் சரி. ஆனால் உங்கள் வாதம் என் வாதத்தை மறுக்கவில்லை, வலுப்படுத்துகிறது. ஒரே வடிவம் என்று முடிவெடுத்துவிட்டால், அந்த ஒரே வடிவத்தின் மீதுதான் எல்லாச் சுமையும் ஏறும். காட்டுக்கு ஒன்று, பாலைவனத்துக்கு ஒன்று என்று இருந்தபோது ஒரு வடிவம் தவறினால் மற்றது தாங்கும். இங்கே தவறுவதற்கு இடமே இல்லை. அப்படிப்பட்ட நிலையில் சோதனையைக் கூட்ட வேண்டுமே தவிரத் தவிர்க்கலாமா?

சோதனை முறை அவர்களிடம் இல்லாமலும் இல்லை. நிலப்பரப்பையும் அதில் நிற்கும் வீரனையும் முறைப்படி படமெடுத்து, வெவ்வேறு தொலைவுகளில் எடுத்த படங்களைப் பார்வையாளர்களுக்குக் காட்டி, எந்தத் தொலைவில் ஆளைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று குறிக்கும் முறை நேட்டிக்கின் அன்றாட வேலை. அதைப் பின்னால் செய்தார்கள். 2009இல் வெளிவந்த அவர்களது சொந்த அறிக்கை யூ.சி.பி.யை வேறு பல வடிவங்களோடு ஒப்பிட்டது. பாலைவன மார்பேட், மல்டிகேம், 2004இல் ஒதுக்கிவைத்த அதே பாலைவன பிரஷ், இவற்றோடு சிரியா நாட்டு ராணுவத்தின் ஒரு வடிவம் என நான்கும் யூ.சி.பி.யை விடத் தெளிவாக மேம்பட்டவை என்று அதில் வந்தது. அமெரிக்கா பெரும்பொருட்செலவில் நெய்து கொடுத்த துணியைச் சிரியாவின் துணி முந்தியது என்பதைத் தங்கள் அறிக்கையிலேயே எழுத நேர்ந்த ஆய்வாளர்களின் மனநிலையை நான் அவ்வப்போது கற்பனை செய்து பார்ப்பதுண்டு.

மரீன்களோடு இருந்த போட்டியையும் ஒதுக்கிவிட முடியாது. 2002இல் மரீன்கள் புதிய அச்சோடு வந்தபோது, அதற்குள்ளேயே தங்கள் படைச் சின்னத்தை நுண்ணியதாகப் பொறித்து, இது எங்களுக்கு மட்டுமே என்று அறிவித்துவிட்டார்கள். படையில் ஆள் சேர்க்கும் சுவரொட்டியில் எது புதுமையாகத் தெரிகிறது என்பதும் சீருடைத் தேர்வில் ஒரு பங்கு வகித்திருக்கும் என்பது என் ஊகம். ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மாதிரிப்படை

நான் 1/35 அளவில் போர்வீரர் பொம்மைகளுக்கு வண்ணம் பூசுபவன். சாயப்பட்டறை அண்ணன் எழுதியதை என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன். விரல் நீளத்துக்குக்கூட வராத அந்தப் பொம்மையில் யூ.சி.பி. கட்டங்களைத் தூரிகையால் இட முடியாது. அதற்கென்று நீரில் ஊறவைத்து ஒட்டும் டெக்கால் தாள்கள் விற்கிறார்கள். கால்சட்டை மடிப்பில் ஒரு துண்டு, முழங்காலில் ஒரு துண்டு என்று வெட்டி வெட்டி ஒட்டி, மென்மையாக்கும் திரவம் பூசி, மடிப்புக்குள் படியவைக்க ஒரு பொம்மைக்கே பல மாலைப்பொழுதுகள் போய்விடும். முடித்துவிட்டு அலமாரியில் வைத்து நாலடி தள்ளி நின்று பார்த்தால், அடியில் பூசிய வெளிர்சாம்பலைத் தவிர வேறெதுவும் தெரியாது. பக்கத்திலேயே நிற்கும் பழைய காட்டு வடிவ வீரனோ அதே தொலைவிலிருந்து நான்கு நிறத்திலும் தெளிவாகத் தெரிவான்.

இப்போதெல்லாம் எங்கள் குழுவில் சிலர் டெக்காலை விட்டுவிட்டு, ஒரே சாம்பலைப் பூசி, அதன்மேல் காய்ந்த தூரிகையால் மணலைத் தடவி, கொஞ்சம் புழுதிப்பொடி தூவி விடுகிறார்கள். உண்மைப் புகைப்படத்துக்கு அதுதான் நெருக்கமாக வருகிறது. ஈராக்கில் எடுத்த படங்களில் அந்தச் சட்டை ஓரளவு பொருந்தித் தெரிவதற்கும் புழுதிதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. சிமென்ட் சுவர், இடிந்த கட்டடம், தூசி படிந்த சாலை என்ற பின்னணியில் அது மோசமில்லை.

மதுமிதா_ஆர்

ஈராக்கில் அது சமாளித்ததனால்தான் சிக்கல் வெளியே வர இத்தனை காலம் ஆனது என்று நான் கருதுகிறேன். ஈராக்கில் அமெரிக்கப் படை பெரும்பாலும் நகரங்களிலும் கவச வாகனங்களிலும் இயங்கியது. யார் எங்கே இருக்கிறார்கள் என்பது தெருவில் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. உருமறைப்பு அங்கே உயிர் காக்கும் முதல் காரணியாக இல்லை; வெடியிலிருந்து வரும் தீக்காயம் அதைவிடப் பெரிய கவலையாக இருந்ததால், தீப்பற்றாத துணியில் சட்டை தைத்துக் கொடுப்பதில்தான் அவர்களின் கவனம் போயிற்று.

ஆப்கானிஸ்தானின் கிழக்குப் பகுதி வேறு உலகம். குனார், நூரிஸ்தான் மாகாணங்களின் பள்ளத்தாக்குகளில் ஒரே நாள் நடையில் பச்சை வயல், பழுப்புப் பாறை, தேவதாரு மரங்கள் எல்லாம் வரும். எதிரி மேலேயிருந்து, எதிர்ச் சரிவிலிருந்து, தொலைவிலிருந்து பார்க்கிறான். சாயப்பட்டறை அண்ணன் சொன்ன 'டோன் பிரியாத' துணி தொலைவில் வெளிறிப்போவது அங்கேதான் ஆளைக் காட்டிக்கொடுத்தது.

2009 ஜூனில் இது நாடாளுமன்றம் வரை போனது. பிரதிநிதிகள் அவையின் பாதுகாப்பு நிதி ஒதுக்கீட்டுத் துணைக்குழுவின் தலைவராக இருந்த ஜான் மூர்த்தா, களத்திலிருந்த கீழ்நிலை அதிகாரிகளிடமிருந்து கேட்ட புகார்களை எடுத்துக்கொண்டு, ஆப்கானிஸ்தானுக்கு ஏற்ற உருமறைப்பை வழங்க வேண்டும் என்று போர்ச்செலவு மசோதாவோடு சேர்த்து வலியுறுத்தினார். தளபதிகளின் கூட்டங்களில் வராத பேச்சு, சார்ஜென்ட்கள் ஒரு மக்கள் பிரதிநிதியிடம் நேரில் சொன்னதால் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதன்பிறகு தரைப்படை வேகமாகவே இயங்கியது. அந்த ஆண்டின் இறுதிக்குள் இரண்டு பிரிவுகளுக்கு மாற்று உடை போய்ச் சேர்ந்தது. 12ஆம் காலாட்படை ரெஜிமென்டின் 2ஆம் பட்டாலியனுக்கு மல்டிகேம். 61ஆம் குதிரைப்படை ரெஜிமென்டின் 3ஆம் பிரிவுக்கு யூ.சி.பி.-டெல்டா. டெல்டா என்பது பழைய கட்ட வடிவத்திலேயே பழுப்பு நிறத்தைக் கூடுதலாகச் சேர்த்து ஒட்டுப்போட்ட பதிப்பு. கூடவே ஒரு குழு ஆப்கான் நிலப்பரப்புகளைப் படமெடுத்து, வெவ்வேறு வடிவங்களை ஒப்பிட்டது. 2010 பிப்ரவரியில் மல்டிகேம் என்று முடிவாயிற்று. அந்த ஆண்டின் பிற்பகுதியிலிருந்து ஆப்கானிஸ்தானுக்குப் போகும் பிரிவுகள் அதை அணிந்து புறப்பட்டன. டெல்டா அத்தோடு மறைந்தது. குறுகிய கால வடிவத்துக்குள்ளேயே அதனினும் குறுகிய ஆயுள் கொண்ட ஒன்று.

எதிர்வழக்கு

மதுமிதா அவர்களின் பதிவு என்னைப் பாதி தூரம் அழைத்து வந்துவிட்டது. ஈராக் நகரங்களை மனதில் வைத்து 2004இல் முடிவெடுத்தவர்களை, 2009ஆம் ஆண்டின் ஆப்கான் மலைச்சரிவை வைத்து மதிப்பிடுகிறோம் என்ற என் குறை மட்டும் இன்னும் இருக்கிறது. பூப்போட்ட சோபாவில் யூ.சி.பி. அணிந்த வீரர் கலந்துபோயிருக்கும் அந்தப் பரவலான கேலிப்படத்தை வைத்து வரலாறு எழுதக் கூடாது.

அந்தப் படையின் வரலாற்றில் இதைவிடக் குறைந்த ஆயுள் கொண்டவை உண்டு என்பதையும் பதிவு செய்கிறேன். 1944இல் நார்மண்டியில் 2ஆம் கவசப் படைப்பிரிவின் சில அணிகளுக்குத் தவளைத்தோல் போன்ற புள்ளி வடிவச் சீருடை வழங்கப்பட்டது. ஜெர்மனியின் வாஃபன் எஸ்.எஸ். படையினர் அதைப்போன்ற புள்ளிச் சீருடையை அணிந்திருந்ததால் சொந்த ஆட்களே குழம்பினார்கள். விரைவிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அந்தத் துணி நன்றாகவே மறைத்தது. தோற்ற காரணம் முற்றிலும் வேறு. 1991 வளைகுடாப் போரில் அணிந்த, கூழாங்கல் புள்ளிகள் கொண்ட ஆறு நிறப் பாலைவன வடிவமும் அமெரிக்காவின் தென்மேற்குப் பாறை நிலத்தை வைத்து வடிவமைக்கப்பட்டது. அரேபிய மணலில் அந்தக் கூழாங்கற்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கையருகே இருக்கும் நிலத்தைப் பார்த்து வடிவமைத்துவிட்டு வேறு நிலத்தில் போரிடுவது அவர்களுக்குப் பழகிப்போன ஒன்று.

கோட்டைவாசல்

மேற்கோள்: "2004இல் முடிவெடுத்தவர்களை 2009ஆம் ஆண்டின் ஆப்கான் மலைச்சரிவை வைத்து மதிப்பிடுகிறோம்."

இல்லை. 2004இலும் அமெரிக்கப் படை ஆப்கானிஸ்தானில் இருந்தது; 2001 முதலே இருந்தது. அதோடு, வடிவத்தின் பெயரே 'எல்லா இடத்துக்கும்' என்பதாக இருக்கும்போது, ஈராக் நகரத்துக்காகத்தான் செய்தோம் என்ற சமாதானம் எடுபடாது. சரிவரப் பொருந்துவது சரளைக் குவியலிலும் சிமென்ட் தரையிலும்தான் என்றால் பெயரை மாற்றியிருக்க வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் உறுத்தும் பகுதி ஒன்றுண்டு. 2010இல் அவசரமாகத் தேடி எடுத்த மல்டிகேம் புதிதாக வந்த வடிவமன்று. எதிர்கால வீரனுக்கான ஓர் ஆய்வுத் திட்டத்துக்காக, நியூயார்க்கின் புரூக்ளினைச் சேர்ந்த கிரை நிறுவனம் நேட்டிக்கோடு சேர்ந்து 2002 வாக்கில் 'ஸ்கார்பியன்' என்ற வடிவத்தை உருவாக்கியிருந்தது. அதிலிருந்து வளர்ந்ததே மல்டிகேம். கட்டம் கிடையாது, ஒரு நிறம் இன்னொன்றுக்குள் மெல்லக் கரைந்து போகும், பச்சை, பழுப்பு, மணல் மூன்றும் உண்டு, அடர்நிறத் துணுக்குகளும் உண்டு. பல நிலப்பரப்புகளுக்கான ஒரே வடிவம் என்ற அதே நோக்கத்துக்கான விடை 2004ஆம் ஆண்டிலேயே அவர்கள் அலமாரியில் இருந்தது. எதிர்வழக்கு அவர்கள் முதலில் சொன்ன 'நோக்கம் சரி' என்பதை நான் இப்போது முழுமையாக ஏற்கிறேன். அதனாலேயே தேர்வின் மீதான என் குற்றச்சாட்டு கூடுகிறது.

பணக்கணக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2012 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கை, 2002க்குப் பிறகு அந்நாட்டு முப்படைகளும் மரீன்களும் சேர்ந்து ஏழு புதிய உருமறைப்பு வடிவங்களைக் கொண்டுவந்தன என்று கணக்கிட்டது. அதற்கு முன் எல்லாரும் பகிர்ந்துகொண்டது இரண்டே இரண்டு. தரைப்படை தனது சீருடையையும் அதனோடு தொடர்புடைய கவசங்களையும் மறுபடி மாற்ற ஐந்து ஆண்டுகளில் 400 கோடி டாலர் வரை செலவாகலாம் என்றும் அதில் மதிப்பிட்டார்கள். விமானப்படையின் புலிவரிக் கட்ட வடிவமும் கடற்படையின் நீல நிறக் கட்ட வடிவமும் அந்த ஏழில் அடக்கம். கடலில் விழுந்த மாலுமியைத் தேடுபவர்களிடமிருந்தும் மறைக்கும் நீலச் சீருடையைப் பற்றித் தனி இழையே தொடங்கலாம். இங்கே வேண்டாம்.

மாற்று வடிவத்துக்கான பெரும் போட்டி 2010இல் தொடங்கியது. கிரை, ஏ.டி.எஸ்., புரூக்வுட், கிரிப்டெக் ஆகிய நான்கு நிறுவனங்கள் இறுதிச் சுற்றுக்கு வந்தன. பெரும் களச்சோதனைகளும் நடந்தன. ஆனால் வெற்றியாளர் என்று யாரையும் தரைப்படை அறிவிக்கவே இல்லை. மல்டிகேமைப் படை முழுமைக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று 2014 தொடக்கத்தில் கிரை நிறுவனத்தோடு நடத்திய பேச்சு, அச்சு உரிமத்துக்கான தொகையில் உடன்பாடு இல்லாமல் முறிந்தது. அப்போதுதான் பழைய ஸ்கார்பியனின் நினைவு வந்தது. அரசுத் திட்டத்தின்கீழ் உருவானதால் அதன் மேல் அரசுக்கு உரிமை உண்டு. நேட்டிக் ஏற்கெனவே திருத்தி வைத்திருந்த ஸ்கார்பியன் டபிள்யூ2 பதிப்பை எடுத்து, ஓ.சி.பி. என்று பெயரிட்டு, 2014 ஜூலை இறுதியில் அறிவித்தார்கள். அருகில் வைத்துப் பார்த்தால் மல்டிகேமில் செங்குத்தாக நிற்கும் குச்சி போன்ற கோடுகள் இதில் இருக்காது. மற்றபடி இரண்டும் அண்ணன் தம்பிதான். ஆகமொத்தம், 2002இல் கையிலிருந்த வடிவத்தின் உறவினரிடமே பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் திரும்பினார்கள்.

சாயப்பட்டறை

உரிமம் என்றதும் ஒரு தொழில் விளக்கம். அச்சு உரிமம் மீட்டருக்கு இவ்வளவு என்று துணியின் விலையில் ஏறும். ஒரு சட்டைக்கு அது சின்னத் தொகையாகத்தான் தெரியும். பத்து லட்சம் பேருக்குக் குறையாத ஒரு படைக்குச் சட்டை, கவசம், பை, தொப்பி என்று நெய்யும்போது மலைக்க வைக்கும் தொகையாகிவிடும். வடிவத்தின் உரிமையைச் சொந்தமாக வைத்திருக்கும் படைக்கு எந்த ஆலையிடமும் விலைப்புள்ளி கேட்கும் சுதந்திரம் உண்டு. தரைப்படை அந்தப் பேச்சிலிருந்து விலகியதை நான் குறைசொல்ல மாட்டேன்.

இன்னொன்று: யூ.சி.பி. மூன்று நிறம் என்பதால் ரோட்டரி அச்சு எந்திரத்தில் நிறத்துக்கு ஒன்றாக மூன்றே ஸ்கிரீன் போதும். மல்டிகேம் வகைத் துணிக்குக் கூடுதல் ஸ்கிரீன் வேண்டும். நிறம் கரையும் இடங்களில் நிறங்களின் பொருத்தம் இம்மி பிசகினாலும் சேதத்துணியாகிவிடும். அச்சிடுபவனுக்கு யூ.சி.பி. வரம். அணிபவனுக்கு அப்படி இல்லாமல் போனது.

ஓய்வுபெற்ற_ஹவில்தார்

உரிமை விஷயத்தில் நம் ராணுவம் விழிப்பாக இருந்தது. 2022 ஜனவரியில் ராணுவ தின அணிவகுப்பில் அறிமுகமான நமது புதிய போர்க்களச் சீருடையை ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனமான நிஃப்ட்டோடு சேர்ந்து வடிவமைத்து, அந்த ஆண்டுக்குள்ளேயே வடிவத்தைப் படையின் பெயரில் பதிவு செய்துவிட்டார்கள். தனியார் யாரும் அச்சிட்டு விற்கக் கூடாது. வெளிக்கடைகளில் போலித் துணி கிடைப்பது பாதுகாப்புச் சிக்கல் என்பதால் அது அவசியமாயிற்று. இதற்கு மேல் பேசினால் இழை திசைமாறும், நிறுத்திக்கொள்கிறேன்.

தம்பி மாதிரிப்படைக்கு ஒரு கேள்வி. ஒரு படை இப்படி வடிவம் மாற்றும்போது பழைய கவசத்தை ஒரே நாளில் கழற்றிவிட மாட்டார்கள். பொம்மைகளில் அந்தக் கலப்பைக் காட்டுவீர்களா?

மாதிரிப்படை

காட்டுவோம் ஐயா. அந்தக் கலப்பில்தான் எங்கள் குழுவில் அடிக்கடி சண்டையே வரும். ஈராக் என்றால் 2005, 2006ஆம் ஆண்டுக் காட்சிகளில் பழைய பாலைவனச் சீருடையும் சாம்பல் சீருடையும் அடுத்தடுத்த பிரிவுகளில் இருக்கலாம். பழைய உடைகளை முழுமையாக விலக்க 2008 வரை ஆனது. எனக்கு உறுதியில்லாதது பிந்தைய மாற்றம்தான். 2016ஆம் ஆண்டு அமெரிக்காவுக்குள்ளேயே நடக்கும் ஒரு பயிற்சிக் காட்சியைச் செய்துகொண்டிருக்கிறேன். ஒருவனுக்கு ஓ.சி.பி. சட்டை, அதன்மேல் யூ.சி.பி. கவசம், பக்கத்தில் நிற்பவனுக்கு முழுச் சாம்பல். இது சரியா, இல்லை இரண்டும் கலந்திருப்பது தவறா?

மதுமிதா_ஆர்

தாராளமாகச் செய்யலாம். ஓ.சி.பி. சீருடை 2015 ஜூலை 1 அன்று சில தளங்களின் கடைகளில் விற்பனைக்கு வந்து, பிறகு படிப்படியாகத்தான் எல்லாத் தளங்களுக்கும் போனது. 2019 செப்டம்பர் இறுதி வரை இரண்டையும் அணிய அனுமதி இருந்தது. கவசம், முதுகுப்பை, உறைகள் ஆகியவற்றைப் பொறுத்தவரை கையிருப்பில் உள்ளதைப் பயன்படுத்தச் சொன்னதால், புதிய சட்டைக்கு மேல் சாம்பல் கவசம் என்பது 2016இல் மிகச் சாதாரணக் காட்சி. எதிர்வழக்கு அவர்கள் சொன்ன 2003ஆம் ஆண்டின் பச்சைக் கவசச் சிக்கல், இம்முறை சாம்பல் நிறத்தில் திரும்பி வந்தது.

இரண்டு சிறிய செய்திகளை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். ஓ.சி.பி.க்கு உரிய உள்பனியனும் காலணியும் வேறு. பனியன் டேன் 499 என்ற நிறம். காலணி கொயோட்டே பழுப்பு. ஆனால் மாறும் காலத்தில் பழைய மணல் நிறப் பனியனையும் வெளிர்மஞ்சள் காலணியையும் ஓ.சி.பி.யோடு அணிய விட்டிருந்தார்கள். ஆகவே முதல் பொம்மைக்கு இரண்டில் எதைப் பூசினாலும் தவறில்லை. முழுச் சாம்பல் அணிந்தவனுக்கு மட்டும் பழைய வெளிர்மஞ்சள் காலணியையே பூசுங்கள். கால்சட்டை முழங்காலிலும் முழங்கையிலும் சாம்பலைக் கொஞ்சம் வெளுக்க விடுங்கள்; 2016இல் அந்தச் சட்டைகள் பலமுறை சலவை கண்டவை.